வக்கீல் கார், டீச்சர் முதுகு

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று ஓனர் கேட்டுக்கொண்டார். டயர் சைஸை எப்படிப் படிப்பது, எந்த வண்டிக்கு எவ்வளவு காற்று, அலைன்மென்ட் மெஷினை எப்படி ஓட்டுவது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். சுவரில் சார்ட்டும் தொங்குகிறது. நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு கதையைச் சொல்கிறேன். ஒரே கார், ஒரே மாதம், அதற்குள் மூன்று தப்பு. மூன்றும் நம் கடையின் தப்பு. அதில் இரண்டு எனக்கே எனக்கு.

நான் இந்தக் கடைக்கு பில் போடத்தான் வந்தேன். கவுன்ட்டரில் நின்று ஒரு பெண் டயர் விற்பாள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை, நானும்தான். கவுன்ட்டரில் இருந்தவர் அடிக்கடி லீவு போடுவார். வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். தெரியாது, தெரியாது என்று சொல்லி எனக்கே அலுத்துப்போய், தெரிந்துகொண்டேன். அப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. டிராக்டர், கரும்பு டிரெய்லர், மினி லாரி, கல்வராயன் மலைக்கு ஏறும் ஜீப், எதற்கு எதைப் போடலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

நான் வேலையை விடுவதற்கு நாலு வருடத்துக்கு முன்பு கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு வக்கீல் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கருநீல நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். சென்னையில் யாரோ இரண்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்ததை ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். நம் ஊரில் அப்போது அந்த மாடல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தரையோடு தரையாகத் தாழ்ந்து, பெரிய பெரிய அலாய் வீலோடு, நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் கேட்டது சின்ன விஷயம். டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், ரைடு கொஞ்சம் மெத்தென்று இருக்கிற மாதிரி பார்த்துப் போட வேண்டும். ஆனால் வண்டியின் லுக் மாறக்கூடாது.

அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். கரியாலூர்ப் பக்கம் மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்தார். உட்காருங்கள் டீச்சர் என்று நாற்காலியைக் காட்டினேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரமும் கவுன்ட்டரில் கையை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பேச்சை வக்கீலோடு நடத்தினேன். கார் அவருடையது, கேட்கிறவர் அவர், பில் அவர் பெயரில். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு நானே அப்படித்தான் நினைத்தேன். அது முதல் தப்பு.

அந்தக் காருக்கு பதினெட்டு இன்ச் ரிம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்குத்தான் ரப்பர். அதே சைஸில், சத்தமும் அதிர்வும் குறைவு என்று பெயர் வாங்கிய ஒரு டயரைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். நம் ஃபிட்டர் ஏழுமலை பூப்போல மாட்டினார். வக்கீலும் நானும் சேலம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்வந்தோம். வண்டி எண்ணெய்மேல் போவது போலப் போனது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான். நாலு வழிச் சாலையில் எந்த டயரும் எண்ணெய்மேல் போவதுபோலத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். குரலில் பழைய சந்தோஷம் இல்லை. டீச்சருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் மெடிக்கல் லீவில் இருந்ததும், இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பதும், தினமும் காலையில் அவர்தான் மலைக்குக் கொண்டுபோய் விடுகிறார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புது டயர் போட்டும் ஒன்றும் மாறவில்லையாம்.

“சத்தம் கம்மியா இருக்கு, அடி அதே அடிதான்னு சொல்றாங்கக்கா. இதுக்கு பஸ்ஸே தாவலையாம். என் காரவிட பஸ் தாவலையாம்” என்றார். மனைவியின் முதுகு வலியைவிட அந்த வார்த்தை அவருக்கு அதிகமாக வலித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடையில் கூட்டம். சங்கராபுரத்திலிருந்து ஒரு டிராக்டர்காரர் வந்து, தனக்கென்று சொல்லிவைத்திருந்த டயரை வேறு யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போனில் வக்கீல், காற்றைக் கம்மி பண்ணினால் மெத்தென்று ஆகுமா என்று கேட்டார். “கொஞ்சம் இறக்கிப் பாருங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதுதான் இரண்டாவது தப்பு. என் மனதில் இருந்த கொஞ்சம், காற்று மீட்டரில் இரண்டு பாயின்ட். அவர் இரண்டு இறக்கிப் பார்த்திருக்கிறார். பரவாயில்லை போலத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கே இப்படி என்றால் இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஒன்பது பாயின்ட் வரைக்கும் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. நம் தொழிலில் அந்த வார்த்தையை வாயில் வைக்காதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். சொல்ல நேரம் இல்லையென்றால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. வக்கீல்தான். கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறி, வளைவுகளில் பாதிக்குமேல் தாண்டியபின், மழைநீர் அரித்து விளிம்பு உடைந்த ஒரு பள்ளத்தில் முன் இடது சக்கரம் விழுந்திருக்கிறது. டயர் வெடிக்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி நிற்கிறது. டிக்கியில் ஸ்பேர் வீல் இருக்கிறது. ஆனால் வீல் நட்டில் ஒன்று திருட்டுப் போகாமல் இருக்கப் போடும் லாக் நட். அதற்கென்று தனியாக ஒரு சாவி உண்டு, அது இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. காரெல்லாம் தேடிவிட்டேன், அந்தச் சாவியைக் காணவில்லை என்றார்.

நான் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே டூல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பேனர்களுக்கு நடுவே அந்தச் சாவி பளபளவென்று கிடந்தது. டயர் மாற்றிய அன்றைக்கு எடுத்தது, திரும்ப வைக்கவில்லை. மூன்றாவது தப்பு.

ஒரு நிமிடம் என் மனசு என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. வண்டியிலேயே வைத்துவிட்டோமே சார், எங்கேயாவது விழுந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் மலையில் நிற்கிற மனிதருக்கு, சாவி எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் அப்போது தேவை. “சார், சாவி எங்க கடையிலதான் கெடக்குது. எங்க தப்பு. எடுத்துக்கினு வரோம்” என்றேன். வக்கீலிடம் போய்த் தப்பை ஒத்துக்கொள்வது எப்படியிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

அவர் திட்டவில்லை. அவருடைய கவலை வேறு. அன்றைக்குப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு, டீச்சர் ஒன்பதரைக்குள் இருக்க வேண்டும். இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். டயரில் காற்று நிற்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் சார் என்றேன். உடனே அவருக்குள் இருந்த வக்கீல் எழுந்துகொண்டார்.

“கண்டிப்பா வெடிக்கும்னு சொல்றீங்களா?”

“கண்டிப்பா வெடிக்கும்னு சொல்ல முடியாது சார்.”

“அப்ப வெடிக்காம போயிடவும் வாய்ப்பு இருக்குது.”

“இருக்குது சார். வெடிக்காதுன்னும் என்னால சொல்ல முடியாது.”

“ஆறு கிலோமீட்டருக்கா வெடிச்சிடப் போவுது?”

அவர் விடுவதாக இல்லை. நான் கடை வாசலில் நின்றுகொண்டு, பார்க்காத ஒரு டயருக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் மலைச்சரிவு, ஒரு பக்கம் பாறை, முன் சக்கரம். வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்கப்போகிறாரா என்பதும் தெரியவில்லை. அந்த நேரத்தில் போன் கை மாறியது. டீச்சர் பேசினார்.

“அக்கா, நீங்க இங்க இருந்தா இந்த வண்டில இப்ப ஏறுவீங்களா?”

“மாட்டேன் டீச்சர்.”

“சரிங்க. அப்ப நானும் ஏறல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் எவ்வளவோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் எந்தக் குழப்பமான டயரைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைத்தான் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். நான் ஏறுவேனா, என் வீட்டு ஆட்களை ஏற்றுவேனா. பதில் உடனே வந்துவிடும்.

கடை வேனை எடுத்துக்கொண்டு ஏழுமலையும் நானும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும் கரும்பு டிராக்டர்கள் வழிவிடவில்லை. ஏழுமலை சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் லேசான தூறல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார் ஒரு வளைவை ஒட்டி நின்றது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வக்கீல் மரக்கிளை ஒடித்துப் போட்டு வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க இலைக்கறை. டீச்சர் காரில் உட்காராமல், புடவை முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ரோட்டோரம் ஐம்பது அடி முன்னே, ஐம்பது அடி பின்னே என்று மெதுவாக நடந்துகொண்டிருந்தார். பிடிமானம் இல்லாமல் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது, கல்லில் உட்காரவும் கூடாது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பள்ளிக்கு போன் செய்து, வினாத்தாளை வேறு டீச்சரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சாவியைக் காட்டினேன். வக்கீல் வாங்கிப் பார்த்துவிட்டு, “கோர்ட்ல எல்லாரும் உங்கள மாதிரி ஒத்துக்கினா நா கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தக் காரின் ஸ்பேர், வழக்கமான சக்கரம் கிடையாது. அவசரத்துக்கு என்று கொடுக்கும் மெல்லிய சக்கரம். அதை முன்னால் போடாமல், பின் சக்கரத்தை எடுத்து முன்னால் போட்டு, மெல்லியதைப் பின்னால் மாட்டினார் ஏழுமலை. வேனில் இருந்த பம்பை வைத்து மற்ற மூன்றிலும் சரியான அளவுக்குக் காற்று ஏற்றினார். காற்று ஏறினால் அடி இன்னும் ஜாஸ்தியாகுமே என்று வக்கீல் டீச்சரைப் பார்த்தார். நான், வேகம் முப்பதுக்குமேல் போகக்கூடாது என்றேன். அவர் விடுவாரா? ஸ்பேரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, இதில் எண்பது என்று போட்டிருக்கிறதே என்றார். அது நேர் ரோட்டுக்கு சார் என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் நானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஏழுமலை வேனில் பின்னால் வந்தார்.

அந்த ஆறு கிலோமீட்டரை மறக்க மாட்டேன். வக்கீலுக்கு உள்ளுக்குள் பயம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பே வண்டியை அடக்கினார். உடைந்த விளிம்பு வந்தால் சுற்றிப் போனார். வளைவில் உருட்டிக்கொண்டு போனார். ஒரு டவுன்பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் வாழ்க்கையில் அதுவரை நடந்திருக்காது. டீச்சர் முன் சீட்டில் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அந்தக் கை தானாகக் கீழே இறங்கி மடிக்கு வந்தது.

பள்ளி வாசலில் நிறுத்தினார். டீச்சர் இறங்கி நின்று, குடையை விரித்து, ஏதோ மறந்துவிட்ட மாதிரி ஒரு நிமிடம் யோசித்தார். “இன்னிக்கு வலிக்கலைங்க” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். சொகுசுக்கு என்று சென்னையிலிருந்து வரவழைத்த டயரில் மூன்று, அதோடு சொகுசுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு மெல்லிய ஸ்பேர். காற்றும் ஏற்றியாகிவிட்டது. எல்லாம் முன்னைவிட மோசம். ஆனால் வலிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இருந்து பார்த்தேன், அவர் காது மடல் சிவந்திருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

இதில்தான் நான் உங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க நினைக்கிறேன். நம்மிடம் வருகிறவர்கள் டயரைக் குறை சொல்வார்கள், ரோட்டைக் குறை சொல்வார்கள், கம்பெனியைக் குறை சொல்வார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற காலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நாம் சொன்னாலும் தாங்க மாட்டார்கள். நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், மனைவியை நாலு மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதரிடம், உன்னால்தான் அவருக்கு வலி என்று சொன்ன மாதிரி ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டுவிட்டு இன்னொரு செட் டயரைத் தலையில் கட்டினால் அது அதைவிடக் கேவலம். வாயை மூடிக்கொண்டேன். மலை இறங்க ஆரம்பித்தோம். அணையின் தண்ணீர் தெரிகிற இடத்தில் அவரே கேட்டார்.

“அப்ப டயரு இல்ல. நான்தானாக்கா?”

“பாதி நீங்க சார். பாதி டயரு.”

“வியாபாரத்துக்குச் சொல்றீங்களா?”

“வியாபாரத்துக்குன்னா மொத்தமும் டயருன்னு சொல்லியிருப்பேன் சார்.”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் மீதியைச் சொன்னேன். ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பிரிங்கே கொஞ்சம் முரடு. அதற்குமேல் பெரிய ரிம், நாலு விரல் ரப்பர். அதை வைத்து வேகமாக ஓட்டினால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு விளிம்பும் நேராக சீட்டுக்கு வரும். அதே சைஸில் எந்த டயரை மாற்றினாலும் சத்தம்தான் குறையும். நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் உட்காருகிறவரை நான் கேட்கவில்லை.

கடைக்கு வந்து ஏழுமலை அந்த வீங்கிய டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் போட்டார். காற்று குறைவாக இருந்ததால் பள்ளத்தில் நசுங்கி, உள்பக்கம் நூல் அடுக்கு இரண்டு இடத்தில் அறுந்து, மேல் ரப்பர் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை கட்டைவிரலால் அழுத்தினார், விரல் அமுங்கி உள்ளே போயிற்று. வக்கீல் குனிந்து தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அதற்கப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

அன்று சாயங்காலம் டீச்சரைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார். இந்த முறை நான் கவுன்ட்டரைவிட்டு வெளியே வந்து, டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டேன். எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எந்த ரோட்டில் என்று கேட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா, தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். ஸ்பீடு பிரேக்கரில் வலிப்பதில்லை, அங்கே இவரே மெதுவாகத்தான் போகிறார். ரோட்டில் விளிம்பு உடைந்த இடங்களில் இடுப்பில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒட்டுப்போட்ட ரோட்டில் ஓயாத நடுக்கம், அதில் வலி இல்லை, ஆனால் இறங்கும்போது இடது கால் மரத்துப்போகிறது. முதல் நாளே கேட்டிருந்தால் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருப்பார். அந்தத் தட்டலுக்கும் நடுக்கத்துக்கும் டயரால் செய்ய முடியும். பெரிய பள்ளத்துக்கு டயரால் ஒன்றும் செய்ய முடியாது, அது பிரேக்கின் வேலை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். இந்த மாதமும் இப்படியே போனால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாராம். பதினாலு வருடமாக அந்த மலைப் பள்ளியைவிட்டு இறங்காதவர். இரண்டு முறை கீழே மாறுதல் வந்தும் வேண்டாம் என்றவர். வக்கீலுக்கே அது புதுச் செய்தி. அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். சரியாகப் போடாத நாலு டயர் ஒருவரை வேலையைவிட்டே அனுப்பிவிடும் என்று அதுவரை எனக்கும் தெரியாது.

அதே காரின் சாதாரண மாடலுக்குப் பதினாறு இன்ச் ரிம்தான் வரும். அப்படி ஒரு செட், வேறொருவர் மாற்றிவிட்டுப் போனது, நம் குடோனில் கிடந்தது. ரிம் சின்னதாக, ரப்பர் உயரமாக. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், பாரம் தாங்குவதும் அதேதான். நடுவில் ரப்பர் மட்டும் ஒரு விரல் கூடுதல். பிரேக் இடிக்கிறதா என்று ஏழுமலை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துச் சரி என்றார். மாட்டி இறக்கினோம். வக்கீல் நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

“மாப்ளைக்கு ரப்பர் செருப்பு மாட்டி வுட்டாப்ல இருக்குதே” என்றார்.

உண்மைதான். அந்தக் காரின் அழகில் பாதி அந்தப் பெரிய வீல். நான் மறுக்கவில்லை. இன்னொன்றையும் அவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன்போலச் சட்டென்று திரும்பாது, ஒரு கணம் யோசித்துத் திரும்புகிற மாதிரி இருக்கும். அது கோளாறு இல்லை. மெத்தென்று வேண்டுமென்றால் எதையாவது விட வேண்டும், இங்கே விடுவது அதைத்தான். முதலிலேயே சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள். அப்புறம் சொன்னால் சமாளிக்கிறீர்கள் என்பார்கள்.

பத்து நாள் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டித் தருகிறோம் என்று அனுப்பினேன். பெரிய வீல் நாலையும் துடைத்துக் குடோனில் வைத்தோம். வீணாய்ப்போன டயரைக் கடைக் கணக்கில் மாற்றித் தந்துவிடலாம் என்று ஓனரிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார்.

பத்தாவது நாள் டீச்சர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். போகும்போது, வரும்போது என்று தினமும் வலிக்கு மார்க் போட்டு வைத்திருந்தார். நல்ல டீச்சர் போடுகிற மாதிரி அரை மார்க்கெல்லாம் இருந்தது. முதல் நாளிலிருந்தே குறைவு. மூன்றாவது நாள் மட்டும் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “அன்னிக்கு இவருக்கு கோர்ட்டுக்கு நேரமாயிடுச்சிங்க” என்றார். வக்கீல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வீல் வேண்டாம் என்று முடிவானது. முடிவைச் சொன்னது டீச்சர். பெரிய வீல்களை வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றி வைத்துவிட்டார். விற்க மனசு வரவில்லை.

அதற்கு மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருநாள் அந்தக் கருநீலக் கார் கடைக்குள் நுழைந்தது. வழக்கமாக வருகிற உறுமல் இல்லாமல், கோடு பார்த்து வந்து நின்றது. ஓட்டுகிற பக்கத்திலிருந்து டீச்சர் இறங்கினார். லைசென்ஸ் எப்போதோ எடுத்ததாம், தொட்டதில்லை. டாக்டர் ஓட்டலாம் என்றதும் ஆரம்பித்திருக்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் முதுகு இன்னும் தேவலை என்றார். பக்கத்து சீட்டில் இருக்கும்போது பள்ளம் வந்து அடித்த பிறகுதான் தெரிகிறது. தானே ஓட்டினால் பள்ளம் வருவது முன்னாடியே தெரிந்து முதுகு தயாராகிவிடுகிறது. இருபத்தெட்டு வருடத்தில் டயரைப் பற்றி எனக்கு இப்படி ஒரு விஷயத்தை யாரும் சொன்னதில்லை. சீட்டில் உட்காருகிறவர்களிடம்தான் இதெல்லாம் இருக்கிறது, நம் சார்ட்டில் இல்லை.

அதன்பின் மலைக்குப் போகிற நாளெல்லாம் கார் டீச்சருடையதாகிவிட்டது. வக்கீல் கோர்ட்டுக்கு ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தார். நான் வேலையைவிட்டு நிற்கப்போகிற கடைசி மாதம், அந்த ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாற்ற வந்தார். ஏழுமலை வேலையை முடிக்கும் வரைக்கும் கவுன்ட்டர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கார் எப்படி இருக்கிறது சார் என்று விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தனக்குச் சாவி கிடைக்கிறது என்றார். குறை சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ சொல்ல வந்தவர்போல ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“போன ஞாயித்துக்கெழம தியாகதுருகம் போயிட்டு வந்தோம்க்கா, சொந்தக்காரங்க வூட்டுக்கு. திரும்பி வரும்போது பக்கத்துல சத்தமே காணோம். பாத்தா, தூங்கிட்டாங்க. நா ஓட்டும்போது தூங்குறாங்கக்கா. கல்யாணம் ஆனதுலேர்ந்து மொதல் தடவ.”

வீடு வந்த பிறகும் அவர் எழுப்பவில்லையாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்தால் சத்தம் வருமே என்று, ஒரு மணி நேரம் அப்படியே ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.